திரி மாமா

மனைவி முதன்முதலாகச் செய்ததைப் பார்த்து, "இதுக்குப் பேரு மெழுகுவர்த்தியா?" என்று அவர் சிரித்ததிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. சோயா மெழுகை உருக்குவதும், மெழுகுவர்த்தி செய்பவர்களின் செல்போன் குழுவில் சந்தேகம் கேட்பதுமாக இருந்தாள்.

நாலாம் நாள் அவரும் 'திரி மாமா' என்ற பெயரில் அதே குழுவில் சேர்ந்தார். முன்னறை ஜன்னலோரம் அவர் செல்போன் 'டிங்' என்றது. மனைவியின் கேள்வி.

"மேலே விரிசல் விடுது, மாமா."

"கண்ணாடி டம்ளரைச் சூடு பண்ணிட்டு ஊத்துங்கம்மா."

"நடுவில மட்டும் உருகிக் குழி விழுது."

"திரி மெல்லிசு. தடிமனாப் போடுங்க."

"வாசனையே வரல."

"ரெண்டு வாரம் மூடி வைங்க. பொறுமை வேணும்."

"எங்க வீட்டுக்காரருக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார்.

பத்தாம் நாள் மாலை மறுபடி 'டிங்'.

"சுடர் ஆடுது, மாமா."

"காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க."

"நீங்க உக்காந்திருக்கிற ஜன்னல்லேர்ந்துதான். சாத்திட்டு வாங்க, காபி ஆறுது."

உள்ளே போனார். சாப்பாட்டு மேசையில் விரிசலோ குழியோ இல்லாத எட்டு மெழுகுவர்த்திகள். எல்லாவற்றிலும் ஒரே தேதிச் சீட்டு: அவர் குழுவில் சேர்ந்ததற்கு முந்தைய நாள்.

"அப்போ அந்த விரிசல், குழியெல்லாம்?"

"உங்ககிட்ட பேச வேற என்ன இருந்துச்சு?"