தலைவர் மேல் விழுந்த இருட்டு

“நான் நடந்தா வெளிச்சமும் கூடவே நடக்கணும். நடக்குமா?” என்று கேட்டார் நாகநாதன். பட்டுக்கோட்டை தேங்காய் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் அவர்.

“நீங்க ஓடினா அதுவும் ஓடும்ங்க” என்றான் அன்சார்.

மேடையில் வேறு விளக்கே கிடையாது. அன்சாரின் புரொஜெக்டர், அவன் தங்கை நிலோஃபரின் லேப்டாப், அவ்வளவுதான். பவர்பாயின்ட்டில் ஒரு கறுப்பு ஸ்லைடு. அதில் பொன்னிறமாக ஒரு வட்டம். பட்டனை அமுக்கினால் வட்டம் நகரும், மேடையில் வெளிச்சமும் நகரும்.

இந்த ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தால், அடுத்த மாதம் நாகநாதன் மகள் கல்யாணத்துக்கும் இவர்கள்தான். அந்தச் சம்பந்தி வீட்டார் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நாகநாதன் மேடையேறினார். வட்டமும் ஏறியது. பின்சுவரில் தென்னை மரங்கள் ஆடின, அதுவும் அதே ஸ்லைடுதான்.

“காக்கா, மேசை ஆடுது” என்று அண்ணனிடம் சொன்னாள் நிலோஃபர்.

அன்சார் குனிந்து மேசைக் காலுக்கு அட்டை சொருகினான். நிமிர்ந்தால், ஒரே இருட்டு!

“தலைவரைக் காணோம்டா!”

“தேங்காய் மூட்டைக்குப் பின்னாடி தேடுங்க!”

கூட்டத்தில் விசில் பறந்தது. அன்சார் பதறிப்போய் வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது. தலைவர் வணக்கம் போட்டபடி நின்றிருந்தார்.

விழா முடிந்ததும், சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார் நாகநாதன்.

“ஏம்மா, சிங்கம் மாதிரி நின்னுக்கிட்டிருக்கேன். என்னைப் போய் இருட்டுல தள்ளிட்டியே!”

“கை பட்டுடுச்சுங்க ஐயா” என்றாள் நிலோஃபர்.

“இதுக்கு நாலு டியூப்லைட்டே போதும். கல்யாணத்துக்கு நீங்க வரவேண்டாம்!”

சம்பந்தியும் பலமாகத் தலையாட்டினார்.

வண்டியில் புரொஜெக்டரை ஏற்றும்போது அன்சார் வெடித்தான்.

“தூங்கிட்டியா? கல்யாண வேலை கையை விட்டுப் போச்சு!”

“தூங்கல காக்கா. வேணும்னுதான் ‘பி’ பட்டனை அமுக்கினேன். அமுக்கினா மொத்தமும் கறுப்பாயிடும்.”

“வேணும்னா? பைத்தியமா உனக்கு? ஏன் அமுக்கினேன்னு அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டப்போ சிங்கத்தோட வேட்டி அவிழ்ந்து முழங்காலுக்கு வந்துடுச்சு. இருட்டுலதான் எடுத்துக் கட்டினாரு. அதைச் சம்பந்தி முன்னாடியா சொல்லச் சொல்றீங்க?”