ஒரு விரல்கூட மிகாமல்

"துணிக்கடைக் கோலோட வந்திருக்காரு சாமி. கோயிலுக்குச் சட்டை தைக்கப் போறாரு போல."

மல்காஸ் மேஸ்திரி சொன்னதைக் கேட்டுப் பாதிரியார் அரிஸ்தகேஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மெதுவாப் பேசுப்பா. அந்த மனுஷன் ஒரு வார்த்தை மாத்தி எழுதினா இஸ்தான்புல்ல நம்ம மனு குப்பைக்குப் போயிடும்."

கரவான்க் கிராமத்துத் தேவாலயம் போன பனிக்காலத்தில் கூரையோடு இடிந்து விழுந்துவிட்டது. திரும்பக் கட்ட சுல்தானின் ஆணை வேண்டும். ஆணை வந்தாலும் பழைய அளவுக்குத்தான் கட்டலாம். ஒரு விரல்கூட மிகக் கூடாது. அதுதான் சட்டம்.

பழைய அளவோ எப்போதோ போதாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நூறு பேருக்குக் குறையாமல் வெளியே பனியில் நிற்பார்கள். மேஸ்திரியின் மனைவி ஷுஷானும் இரண்டு மருமகள்களும் உள்ளே நின்று ஏழு வருடம் ஆகிறது.

அந்தப் பழைய அளவை எழுதி அனுப்பத்தான் துணைக் காஜி ரெஃபெட் எஃபெந்தி வந்திருந்தார். ஒல்லியான மனிதர். சிரித்துப் பழகாத முகம்.

மேஸ்திரி தன் கோலை நீட்டினார்.

"எஃபெந்தி, கட்டடம் அளக்கிறதுன்னா இந்தக் கோல்தான் வழக்கம்."

"உன் கோல் உன்கிட்டயே இருக்கட்டும்."

"உங்க கோலு கட்டை எஃபெந்தி. உங்களுக்குப் பத்து கஜம்னா எனக்கு ஒம்போதுதான் வரும்."

"எனக்குக் கணக்கு சொல்லித்தர வந்தியா? தள்ளி நில்லு."

மேஸ்திரி தள்ளி நின்றார். கிழக்கு மூலைக் கல்லுக்கு அதிகாரி வந்தபோது இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

ரெஃபெட் எஃபெந்தி குனிந்து கல்லைப் பார்த்தார். பிறகு காலால் லேசாக நெம்பினார்.

"மேஸ்திரி, இந்தக் கோயில் கட்டி எத்தனை வருஷமாச்சு?"

"இருநூறு இருக்கும் எஃபெந்தி."

"இருநூறு வருஷமா இங்க கிடக்கிற கல்லுக்கு அடியில புல்லு பச்சையா இருக்கே. அது எப்படி?"

சுற்றி நின்ற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. மேஸ்திரி தரையைப் பார்த்தார். முந்தின நாள் மத்தியானம் மகன்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு அவர்தான் அதை மூன்று கஜம் நகர்த்தி வைத்திருந்தார்.

"நடந்து வந்த கல்லு நடந்தே திரும்பிப் போகட்டும். நீயே தூக்கு."

ஊர் பார்க்க மேஸ்திரி கல்லைத் தூக்கிப் பழைய குழியில் வைத்தார். ஷுஷான் கூட்டத்துக்குள்ளிருந்து, "இடுப்பைப் பாத்துக்கோங்க, வீட்டுல மாவு மூட்டையைத் தொடவே மாட்டீங்களே" என்றாள். அப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள், அதிகாரியைத் தவிர.

பாதிரியார் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"ஒரு ரெண்டு கஜம் கூட்டி எழுதினா புண்ணியமாப் போகும் எஃபெந்தி. பொம்பளைங்க பனியில நிக்கிறாங்க."

"பாதிரியாரே, நான் அஞ்சு வேளை தொழுகிறவன். பொய் எழுத மாட்டேன். இருக்கிறதை அளந்தேன். அளந்ததை எழுதுறேன்."

கோழியும் கோதுமையும் சேர்த்துக் கிளறிய ஹரிஸா இரண்டு கிண்ணம் அதிகாரி சாப்பிட்டார். அதற்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டார்.

"சாப்பாட்டையாவது குறைச்சு அளந்திருக்கலாம் நாம" என்றார் மேஸ்திரி.

எட்டு மாதம் கழித்து ஆணை வந்தது. தலைப்பில் பொன் மையில் சுல்தானின் முத்திரை. ரெஃபெட் எஃபெந்தியே கொண்டுவந்து, இடிந்த சுவருக்கு நடுவில் நின்று வாசித்தார்.

"கரவான்க் தேவாலயத்தை அதன் பழைய அளவான முப்பது கஜ நீளம், இருபது கஜ அகலம், பத்து கஜ உயரத்துக்கு ஒரு விரல்கூட மிகாமல் மீண்டும் கட்டிக்கொள்ள அனுமதிக்கிறோம்."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். சின்னதோ பெரியதோ, கோயில் வருகிறது.

முப்பது என்றால் துணிக் கோலுக்கு முப்பது. தன் கோலுக்கு இருபத்தேழு. மேஸ்திரி மனதுக்குள் மாற்றிப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். அன்றைக்குக் கல் தூக்கிய கூச்சம் இன்னும் போகவில்லை.

"எஃபெந்தி, உங்க துணிக் கோலைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா அதே அளவுக்கு இப்பவே நூல் புடிச்சிருவேன். அப்புறம் தப்புன்னு யாரும் சொல்ல வேண்டாம்."

"அது என் கோல் இல்ல. மச்சான் ஜவுளிக்கடையில அன்னைக்கு ஒருநாள் கேட்டு வாங்கிட்டு வந்தது. அப்பவே திருப்பிக் குடுத்தாச்சு."

"அப்ப எதால அளக்கிறது?"

"கட்டடத்தைக் கொத்தன் கோலாலதான் அளந்து கட்டணும். சட்டம் அது. இத்தனை வருஷமா மேஸ்திரியா இருக்க, தெரியாதா? உன் கோலை எடு."

மேஸ்திரி மேற்கு மூலையிலிருந்து கோலைப் போட்டுக்கொண்டே வந்தார். ஊரே கூட நடந்து எண்ணியது. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.

கோல் கிழக்கு மூலைக் கல்லில் போய் முட்டியது. மேஸ்திரி நிமிர்ந்தார். கல்லைப் பார்த்தார், கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்த புல்தரையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார்.

ரெஃபெட் எஃபெந்தி ஆணையைச் சுருட்டிக்கொண்டே அதட்டினார்.

"ஏன் நின்னுட்ட? முப்பதுன்னுதானே படிச்சேன்? சுல்தான் உத்தரவுல மூணு கஜம் குறைக்க நீ யாரு?"