அமைச்சர் சொன்னது என்னவென்றால்

“விமான நிலையம் வேணும்னு நாங்க கேட்டோமா? கட்டுங்க, கடன் தர்றோம்னு பின்னாலேயே வந்தது யாரு? இன்னைக்கு வரைக்கும் அங்க ஒரு பிளேன் இறங்கலை. ரன்வேயைச் சுருட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லும்மா.”

நிதி அமைச்சர் மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர்கள் குலுங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளப் பெண் தன் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே, கடன் கொடுத்த நாடுகளின் பிரதிநிதி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விமான நிலையம் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை என்று அமைச்சர் வருத்தத்துடன் தெரிவிக்கிறார்” என்றாள் அவருடைய மொழியில்.

கண்ணாடிக்காரர் நெடுநேரம் பேசினார். இதே புலம்பலை இன்னும் மூன்று நாடுகளில் கேட்டுக் காது புளித்துவிட்டது என்றார். இவரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம் என்றார். சாயங்காலத்துக்குள் முடிவு தெரியாவிட்டால் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்றார்.

“நம்ம கஷ்டம் அவருக்குப் புரியுதாம் சார். இன்னைக்கே முடிச்சிட்டா நல்லதுங்கிறார்.”

“அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?”

“அவங்க மொழி கொஞ்சம் நீளம் சார்.”

தாய்மொழி தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்று மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர் அமைச்சர். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, உதவியாளன் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ராத்திரி டிவி செய்திக்கு.

தேநீர் இடைவேளையில் அவள் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். அக்காவின் கணவர்.

“என்னம்மா, பேசி முடிச்சாச்சா? இந்த வாரமும் ஒரு தடவைதான் டயாலிசிஸ்னு சொல்லிட்டாங்க. ஃபில்டர் ஸ்டாக் இல்லையாம். கப்பல் துறைமுகத்துலதான் நிக்குது, டாலர் கட்டினாத்தான் சரக்கை இறக்குவானாம். உங்க அக்காவுக்கு முகமெல்லாம் வீங்கிப்போச்சு.”

“இன்னைக்குக் கையெழுத்தாயிட்டா உடனே கொஞ்சம் டாலர் வரும் மாமா. கப்பலுக்குக் கட்டிடுவாங்க.”

“ஆகலேன்னா?”

அவள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த மனுஷன் நாலு நாளா மேஜையைத் தட்டுறதைத்தான் டிவியில பார்க்கிறேன். அது உடைஞ்சா, புது மேஜை வாங்கவும் அந்தக் கடன் குடுத்தவங்ககிட்டத்தான் போய் நிக்கணும்னு சொல்லி வை.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரர் அலுப்போடு கேட்டார். “கடைசியாகக் கேட்கிறேன். இவருக்கு என்னதான் வேண்டும்?”

அதை மட்டும் அவள் அப்படியே மொழிபெயர்த்தாள்.

“வட்டி ஒரு காசு தர மாட்டோம். அசல்ல பாதியைத் தள்ளுபடி பண்ணணும். முடியாதுன்னா, வாசல் இந்தப் பக்கம், ஜன்னல் அந்தப் பக்கம். எது வசதின்னு அவரே பார்த்துக்கட்டும்.” அமைச்சர் கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார்.

அவள் ஒரு விநாடி கண்ணை மூடினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“வட்டியை ஒழுங்காகக் கட்டிவிடுகிறோம். அசலுக்கு மட்டும் மூன்று வருஷம் அவகாசம் கொடுங்கள் என்கிறார். அரசாங்கச் செலவைக் குறைத்துக்கொள்ளவும் சம்மதம்.”

“ஜன்னலைக் காட்டினாரே?”

“வெளியே ஜனங்கள் நல்ல செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார்.”

கண்ணாடிக்காரர் முதல் தடவையாகக் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டினார். கூட வந்தவரிடம் ஏதோ சொன்னார். அரை மணி நேரத்தில் சூடாக அச்சடித்த ஒப்பந்தம் மேஜைக்கு வந்தது, முழுக்க அவர்கள் மொழியில்.

அமைச்சர் பேனா மூடியைத் திறந்தார். அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். நாளைக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால் கிழித்துப் போட்டுவிடுவார். கப்பல் திரும்பிப் போய்விடும்.

“சார், ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

உதவியாளன் செல்போனை அவள் பக்கம் திருப்பினான்.

“தம்பி, பேட்டரி தீர்ந்துடப் போகுது” என்றார் அமைச்சர். “போய்ச் சார்ஜ் போடு. கூப்பிடும்போது வா.”

கதவு சாத்தப்படும்வரை காத்திருந்து, அவள் எழுந்து நின்று மளமளவென்று கொட்டினாள். “இதுல இருக்கிறது நீங்க சொன்னதில்லை சார். வட்டி கட்டுறோம்னு நான்தான் சொன்னேன். தள்ளுபடியை நான் கேக்கவே இல்லை. என்னை என்ன வேணாப் பண்ணுங்க, வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா தயவுசெஞ்சு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. எங்க அக்கா தாங்க மாட்டா சார்.”

அமைச்சர் அவள் பக்கம் திரும்பவில்லை. முதல் பக்கத்தில் வரிவரியாக விரலை ஓட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் விரல் நின்றது. தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்காரரிடம் அவருடைய மொழியிலேயே, ஒரு சொல்லில்கூடத் தடுமாறாமல் பேசினார்.

“மூன்று வருஷம் என்பது இந்தப் பெண் கேட்டது. நான்காக மாற்றுங்கள், போட்டுவிடுகிறேன்.”

திறந்த வாய் மூடாமல் நின்றவளிடம் பிறகுதான் திரும்பினார்.

“உட்காரும்மா. நான் இறங்கிப் பேசினா நாளைக்கு என் பதவி போயிடும். நீ இறங்கிப் பேசினா, அது வெறும் மொழிபெயர்ப்புக் கோளாறு.”