அக்காவின் காதுக்குத் தப்பாது

ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடியே அத்தான் எச்சரித்தார். மைத்துனன் எவ்வளவு பெரிய சவுண்ட் இன்ஜினியராக இருந்தாலும் இந்த வீட்டில் கடைசித் தீர்ப்பு அக்காவுடையதுதானாம். அவள் காதை ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்து வரவேண்டுமாம்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, காதை வைத்தே பிழைக்கிறவன் அவன். அக்காவோ, வாஷிங் மெஷின் அலறும்போது அதன் மேலேயே சாய்ந்துகொண்டு போன் பேசுகிறவள்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், சொந்தக் கையால் செய்த சி.டி. பிளேயர்தான் அவருக்கு உலகம். பலகை இழைத்துப் பெட்டி செய்து, உள்ளே ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, அதை முதன்முதலில் பாடவைத்து மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்குப் பிறகு அந்தப் பெட்டி மூடி போட்டு ஒரு வாரம் இருந்ததில்லை.

காரணம் அக்கா. முதல் நாளே, பாடுகிறவள் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அத்தான் கெப்பாசிட்டர் அத்தனையையும் பிடுங்கிவிட்டு உயர்ந்த ரகமாகப் போட்டார். அடுத்து, கீழ்க்குரல் கொழகொழவென்று இருக்கிறது என்றாள், டிரான்ஸ்பார்மர் மாறியது. பிறகு எங்கேயோ சொரசொரப்பு, ஐ.சி. சில்லு இரண்டும் குப்பைக்குப் போயின.

செருப்பு கோணலாகக் கிடந்தாலே சண்டைக்கு வருகிற அக்கா, சாப்பாட்டு மேசையை முழுதாக அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கலையின் அருமை தெரிந்தவள் என்று அத்தானுக்கு ஒரே பெருமை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பாக்கியிருந்த ஒரே பாகமும் மாறியது. உள்ளே இருக்கிற சில்லுகளுக்கெல்லாம் தாளம் போட்டுக் கொடுக்கிற கிரிஸ்டல், ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. அதைப் பற்றவைத்து முடித்த அத்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு சி.டி.யைச் செருகினார். அக்கா ஈரக் கையோடு வந்து சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், நீதிபதி மாதிரி.

ஒரு பெண் குரல், கூட ஒரு பியானோ. நாலாவது நொடியில் தம்பிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடுகிறவள் உதட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பியானோக்காரர் நாற்காலியில் நகர்ந்து உட்காருவது கேட்டது. தன் கூடத்தில் இருக்கிற பெட்டிகளெல்லாம் இதற்கு முன்னால் தகர டப்பா என்று தோன்றியது. கொஞ்சம் வயிறுகூட எரிந்தது.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டார்.

அக்கா சட்டென்று கையைத் தூக்கினாள். “நிறுத்துங்க. என்னமோ உறுத்துது.”

தம்பிக்கு எதுவும் உறுத்தவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னான். கிட்டத்தட்ட அதே இடம் வந்ததும் அக்காவின் கை மறுபடியும் மேலே போனது. குரல் உச்சிக்கு ஏறும்போது, மெல்லிசாகக் கம்பி இழுக்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கிறதாம்.

“உனக்குக் கேக்கலியா மாப்ளே?” என்றார் அத்தான். அதில் குத்தல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பரிவு இருந்தது.

தம்பிக்கு வயது நாற்பத்தாறு. வயதானால் உச்சியில் இருக்கிற சத்தம்தான் காதிலிருந்து முதலில் கழன்றுகொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாததா? போன மாதம் ஒரு பாடகி, பதிவில் தன் குரல் கீச்சென்று இருக்கிறது என்றாள். அவள் குரலே அப்படித்தான் என்று வாதாடி அனுப்பிவைத்திருந்தான். பாவம், அவள் சொன்னதுதான் சரியோ என்னவோ. இந்தக் காதை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அத்தான் அதற்குள் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். இனிமேல் வீட்டுக் கரண்ட்டையே நம்பக்கூடாது, எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்ட வேண்டும், எப்படியும் இரண்டு மாத வேலை என்று உற்சாகமாகச் சொன்னார். அவசரமில்லை, நிதானமாகவே செய்யட்டும் என்று அக்கா உத்தரவு கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

தம்பி பின்னாலேயே போனான். கொஞ்ச நேரம் தண்ணீர் குடிப்பதுபோல நின்றான்.

“அக்கா, நாளைக்குக் காது டாக்டரைப் பாக்கப் போறேன். அந்த இரைச்சல் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சரியாச் சொல்லு. எனக்குச் சுத்தமாக் கேக்கல.”

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். குழாயை மூடினாள். குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

“உன் காதுக்கு ஒண்ணுமில்லடா. இரைச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பெட்டி முதல் நாளே அருமையாத்தான் இருந்துச்சு.”

போன உயிர் தம்பிக்குத் திரும்பி வந்தது. அதோடு கோபமும் வந்தது. மூன்று மாதமாக அந்த மனுஷன் முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கிறாரே, விரலெல்லாம் சூடு பட்டுக் கிடக்கிறதே, நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று கேட்டான்.

அக்கா பெருமூச்சு விட்டாள்.

“நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, கூடச் சேர்ந்து பாடுவாருடா.”