கடைவாய்ப் பல்

"ஒரு கடவாப் பல்லப் புடுங்க ஏழு மாசமா? ஒம்மக வாயில இருக்கிறது பல்லா, பாறையா?" என்று கருப்பம்மாள் கேட்டபோது தெருக்குழாயில் தண்ணீர் நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. அப்படியும் ஒருத்திகூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகரவில்லை.

"ஏழு மாசமும் ஆகும், ஏழு வருசமும் ஆகும். நீ ஒன் சோலியப் பாரு," என்றாள் சுந்தரம்மாள். பக்கத்தில் அவள் மகள் அன்னக்கொடி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நேத்து முடிச்சு எடது கன்னத்துல இருந்துச்சு, இன்னைக்கு வலது கன்னத்துல. பல்லு என்ன வீடு மாறுதா?"

சுந்தரம்மாள் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முடிச்சை மாற்றிக் கட்டியது அவளேதான்.

பிளஸ் டூ பரீட்சையில் தவறிய நாளிலிருந்து அன்னக்கொடி சோறும் தூக்கமும் விட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கோடாங்கி வந்தான். புளியமரத்துப் பேய் என்று உடுக்கடித்துச் சொல்லிவிட்டு இரண்டு சேவலோடு போனான். பேய் மட்டும் போகவில்லை.

கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் மதுரையில் மனசு டாக்டர் இருக்கிறார் என்றாள். சங்கிலி போடுவார்கள், கரண்டு வைப்பார்கள் என்று நடுங்கிக்கொண்டே சுந்தரம்மாள் மகளைக் கூட்டிப்போனாள். டாக்டரிடம் சங்கிலியும் இல்லை, கரண்டும் இல்லை. "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, அன்னக்கொடி வாய் திறக்கும்வரை முக்கால் மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் நூல்சேலை கட்டிய ஓர் அம்மாள் அரைமணி நேரம் பேச்சுக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் அன்னக்கொடி இரண்டாவது தடவை குழம்பு கேட்டாள். சுந்தரம்மாள் அடுப்படியில் போய் அழுதுவிட்டு வந்து ஊற்றினாள்.

ஆனால் மனசு டாக்டர் என்று போடி ஊருக்குள் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை ஏது? நல்லவேளை, அந்த ஆஸ்பத்திரியில் மாடியேறி இடது பக்கம் திரும்பினால் பல், வலது பக்கம் திரும்பினால் மனசு. மனசுப் பக்கம் செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு, வியாழக்கிழமை ஆண்களுக்கு. ஏறுகிற படிக்கட்டு ஒன்றுதானே, பாதிப் பொய்தான் என்று சுந்தரம்மாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மாடிப்படி ஆயாவும் விவரமானவள்; பல் சாக்கோடு வந்த எத்தனையோ பேரைப் பார்த்தவள். தாடைக்கட்டோடு வருகிறவர்களை ஒன்றும் கேட்காமல் வலது பக்கம் கைகாட்டிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்திலிருந்து பெரியம்மாள் என்பவள் தன் மகன் சோலைமலைக்குப் பெண் பார்க்க வந்தாள். கூப்பிடாமலே வெற்றிலைத் தட்டோடு கருப்பம்மாளும் வந்து சேர்ந்தாள்.

"பொண்ணு தங்கம். பல்லுதான் பாவம், ஏழு மாசமா மதுரைக்கு அலையுது."

பெரியம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். மாடு வாங்கும்போது பல் பார்த்தே பழகியவள். "இங்க வாத்தா. வாயத் தொற."

அன்னக்கொடி திறந்தாள். ஒரு சொத்தை இல்லை, ஓர் ஓட்டை இல்லை, பிடுங்கிய இடமும் இல்லை. கருப்பம்மாளின் முகம் கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. சுந்தரம்மாளுக்குக் காதுக்குள் மதுரை ரயில் ஓடியது.

பெரியம்மாள் எழுந்து சுந்தரம்மாளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மாடியேறி எடது பக்கமா, வலது பக்கமா?"

"எந்த மாடி?"

"அந்த மாடிதான்."

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "வலது பக்கம். இப்ப நல்லாச் சாப்புடுறா, நல்லாத் தூங்குறா. மாத்திரையக்கூட அரையாக் கொறச்சுட்டாரு. ஒங்களுக்கு வேண்டாம்னா வெளிய மட்டும் சொல்லிராதீக."

பெரியம்மாள் கதவு வழியே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"நாங்க வியாழக்கிழமை, மதினி."

சுந்தரம்மாள் அடுப்படிக் கதவைச் சாத்தினாள். "நீங்களும் பல்லுன்னுதான் சொல்றீகளா?"

"எங்க ஊருல காதுன்னு சொல்லி வச்சிருக்கோம்."

ஆவணியில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் குடிபோனார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அவள் செவ்வாயும் அவன் வியாழனுமாக, ஜீப்பில் மலையிறங்கி மதுரைக்குப் போய்வருகிறார்கள். அவர்கள் வீட்டில் பல்லும் இல்லை, காதும் இல்லை. டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

மறு வருஷம் ஒரு திங்கட்கிழமை, கன்னம் பணியாரமாக வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு கருப்பம்மாள் சுந்தரம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருவில் மதுரை ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் முதல் பஸ்சில் இருவரும் போனார்கள். படியேறியதும் ஆயா சுந்தரம்மாளை அடையாளம் கண்டு தலையாட்டினாள். கருப்பம்மாளின் தாடைக்கட்டைப் பார்த்தாள். கையை மெல்லப் பிடித்து வலது பக்கம் திருப்பினாள்.

"எனக்கு நெசமாவே பல்லுதான்த்தா வலிக்குது," என்றாள் கருப்பம்மாள், வாயைக்கூட முழுக்கத் திறக்க முடியாமல். "மதினி, நீயாவது சொல்லேன்."

சுந்தரம்மாள் ஜன்னல் வழியே வைகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயா கருப்பம்மாளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "பயப்படாத தாயி. மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக."