தவக்காலத்தில் ஓர் அல்லேலூயா

"தவக்காலத்துல அல்லேலூயா பாடினியா, இல்லியா?" மடத்துத் தலைவர் கேட்டார்.

"பாடினேன், சாமி."

காலைக் கூட்டத்தில் துறவிகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லாம்பெர்ட் மட்டும் முழங்காலில் இருந்தான். மடத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவன்.

"என் காதாலயே கேட்டேன்," என்றார் புகார் சொன்ன ரைனால்ட். "ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. ஈஸ்டர் வரைக்கும் கோயில்லயே யாரும் எடுக்கக்கூடாத பாட்டை இவரு நோயாளிக் கூடத்துல கச்சேரி வெச்சுப் பாடுறாரு. பொய் வேற. அன்ஸ்கர் பெரியவர்கிட்ட ஈஸ்டர் வந்துடுச்சுன்னு சொல்லி முட்டை ஊட்டியிருக்காரு."

"நோன்புக் காலத்துலயும் நோயாளி முட்டை சாப்பிடலாமே. நானே அனுமதி குடுத்தேனே," என்றார் தலைவர்.

"அவரு வாங்கிக்கணுமே, சாமி," என்றான் லாம்பெர்ட். "கண்ணு போச்சு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்ல. கடவுளுக்குக் குடுக்க எங்கிட்ட இந்த நோன்பு ஒண்ணுதான் மிச்சம்ங்கிறாரு. நாலு வாரமா ரொட்டியும் தண்ணியும்தான். முதுகெல்லாம் புண்ணு. ஈஸ்டர் வரைக்கும் உடம்பு தாங்காது. அதான் ஈஸ்டரை முன்னாடியே கூட்டிட்டு வந்தேன்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. "கண் தெரியாதவர்கிட்ட நோன்பு நாளைத் திருடியிருக்கே. போய் உண்மையைச் சொல்லு. அதுதான் தண்டனை."

சாட்டையடி கிடைக்கும் என்றுதான் லாம்பெர்ட் நினைத்திருந்தான். அதுவே தேவலை என்று இப்போது தோன்றியது.

முற்றத்தில் பனி இன்னும் கரையவில்லை. மெல்ல நடந்தான். சொன்னால் கிழவர் இனி வாயைத் திறக்கமாட்டார். பட்டினியிலேயே போய்விடுவார். சொல்லாவிட்டால் தலைவர் வந்து சொல்வார்.

அன்ஸ்கர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.

"பெரியவரே, நேத்து ஈஸ்டர் இல்ல."

லாம்பெர்ட் அவர் காதருகே குனிந்தான்.

"பொய் சொன்னேன். ஈஸ்டருக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. உங்க நோன்பு முறிஞ்சது என்னாலதான். பாவம் என்னுது."

"உன்னுது இல்லப்பா." குரல் மிக மெதுவாக வந்தது. "ஈஸ்டருக்கு முன்னாடி மூணு நாள் கோயில் மணி ஊமையாயிடும். மரக்கட்டையத் தட்டித்தான் கூப்பிடுவாங்க. இங்க மணி ஒரு வேளைகூட நிக்கலியே. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல."

லாம்பெர்ட் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க?"

"நாலு மாசமா எனக்குப் பீ மூத்திரம் அள்ளுறே. வேளாவேளைக்குப் பக்கத்துல உக்காந்து சங்கீத ஜெபம் முணுமுணுக்கிறே. நேத்துத்தான்பா நீ வாய்விட்டுப் பாடினே."

கிழவர் மூச்சு வாங்கினார்.

"அதைக் கேட்டதும், கடவுளுக்குன்னு வெச்சிருந்ததை எடுத்து உனக்குக் குடுத்துட்டேன்."