கனகலட்சுமியின் மூக்கு

கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் எங்கே உட்கார்ந்திருக்கும்? அடியிலா, மேலேயா, இல்லை சர்க்கரை மாதிரி எங்கும் கரைந்தா?

மோட்டார் ரூம் ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள் கனகலட்சுமி. தெளிவாகத்தான் இருந்தது.

நான்கு வருடம் முன்பும் இப்படித்தான் இருந்தது. பந்தல்குடி ரோட்டு லாரி ஷெட்டில் சிந்திய டீசல் மண்ணுக்குள் இறங்கி, ஊர் போர்வெல் தண்ணீரில் துளி கலந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் உப்பு கம்மி, நல்ல தண்ணீர் என்றார்கள். வேறு யார் மூக்கிலும் ஏறவில்லை. அவள் மட்டும் குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, குடிக்க மாட்டேன் என்றாள். பிறகு வந்த லேப் ரிப்போர்ட்டும் டீசல் இருக்கிறது என்றது.

அப்புறம் வந்ததுதான் இந்தக் கரித்தொட்டி. சிரட்டைக் கரி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் பிடிக்காது, மாற்ற வேண்டும். ஆனால் நிறைந்த கரியும் கறுப்பு, புதுக் கரியும் கறுப்பு. அதனால்தான் அவளுக்கு இந்த வேலை. தினமும் முதல் டம்ளரை முகர்ந்து நோட்டில் எழுதுவது.

கரி மாற்றும் காண்டிராக்ட் எடுத்திருக்கும் மதன்குமார் நோட்டை விரித்தான்.

"ஒங்க மூக்குதான்க்கா நமக்கு லேபு. வாசம் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தக் கரியே இன்னும் ஒரு வருசம் ஓடட்டும்."

போன ஐப்பசியிலிருந்து பக்கம் பக்கமாக அவள் கையெழுத்தில் அதே வரி. வாசம் இல்லை.

வெளியே குழாயடியில் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

அலமாரியிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தாள். தினமும் டம்ளருக்கு முன்னால் அதைத்தான் முகர்வாள். மூடியைத் திறந்து நிதானமாக மூச்சை இழுத்தாள். பிறகு டம்ளர். மறுபடி குப்பி. வித்தியாசம் எங்கே என்று பொறுமையாகத் தேடினாள்.

குப்பியை அவனிடம் நீட்டினாள்.

முகர்ந்தவன் முகம் சுளித்துத் தலையைப் பின்னால் இழுத்தான். "என்னக்கா, பச்சை டீசலு."

அந்தச் சுளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் வந்த காய்ச்சலுக்கு முன்னால் தன் முகமும் இப்படித்தான் சுளித்திருக்கும். மோப்பம் இன்றைக்குத் திரும்பிவிடும், நாளைக்குத் திரும்பிவிடும் என்று தினமும் குப்பியைத் திறந்தாள். வேலை போய்விடுமென்று யாரிடமும் சொல்லவில்லை.

மூடியைத் திருகினாள். நோட்டை மூடி, பேனாவை மேலே வைத்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.

"போட மாட்டேன் தம்பி. தண்ணிய லேபுக்கு அனுப்புங்க."